பாவமும் குற்றமும்: தமிழகத் திருச்சபைச் சூழலில் சிறார் பாதுகாப்புக் கருத்தாக்கத்தின் வரலாறு, ராயபுரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

திருச்சபை நிறுவனங்களில் சிறாரும் நலிந்தோரும் பாலியல் அத்துமீறலுக்கு உள்ளாகும்போது அதனைக் குருத்துவ ஒழுக்கத்தின் மீறலாகக் கருதிய பழைய சட்டநோக்கும், பாதிக்கப்பட்டவர்க்கு இழைக்கப்பட்ட தீங்காகக் கருதும் புதிய சட்டநோக்கும் தமிழகத்தில் எவ்வாறு எதிர்ப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாவசங்கீர்த்தன விதிகள், அனாதை இல்லங்கள் குறித்த அரசுச் சட்டங்கள், உதகை மறைமாவட்டக் குரு ஒருவரின் வழக்கு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ராயபுரம், பாவசங்கீர்த்தனம், திருச்சபைச் சட்டம், அனாதை இல்லம், உதகை மறைமாவட்டம், போக்சோ.

முன்னுரை

ராயபுரத்தின் வரலாறு பெரும்பாலும் துறைமுகத்தின் கிளைக்கதையாகவோ, 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் புறப்பட்ட நிலையத்தின் கதையாகவோ எழுதப்பட்டுள்ளது. ஆனால் அது திருச்சபை நிறுவனங்கள் அடர்ந்த ஊருமாகும். படகோட்டிக் கிறிஸ்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் பொருளால் எழுப்பிய தூய இராயப்பர் ஆலயம் இங்கு உள்ளது. ஊர்ப்பெயரே இராயப்பரிடமிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த மருத்துவர் மட்டில்டா மக்பெய்ல் 1888இல் தொடங்கிய மருந்தகம் பின்னர் ரெய்னி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. நார்த்விக் பெண்கள் பள்ளி மற்றொன்று. பஞ்ச காலக் கஞ்சிச் சத்திரத்தின் நினைவால் முதியோர் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றழைக்கும் ஸ்டான்லி மருத்துவமனையும் அருகிலேயே உள்ளது. வழிபாடு, கல்வி, மருத்துவம் ஆகிய மூன்றும் ஒருவர் நடந்தே சென்றடையும் தொலைவில் அமைந்த இத்தகைய ஊரில், குழந்தைகளும் நோயாளிகளும் ஆதரவற்ற பெண்களும் தம் உடலையும் மனத்தையும் பிறர் பொறுப்பில் ஒப்படைத்தே வாழ்ந்துள்ளனர்.

ஒப்படைக்கப்பட்டோரைக் காப்பவர்களை யார் கண்காணித்தனர் என்பதே இங்கு எழும் வினா. தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றியலில் அச்சு, அகராதி, கல்வி, சாதி, மதமாற்றம் ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ள அளவிற்கு இவ்வினா ஆராயப்படவில்லை. இதற்குச் சான்றுகளின் அருமையை மட்டும் காரணம் காட்ட இயலாது. சான்றுகள் எவ்வகைப்பட்ட ஆவணங்களில், எப்பெயரால் பதிவாயின என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பாவசங்கீர்த்தனமும் மரச்சட்டகமும்

தமிழ் எழுத்தில் அச்சான தொடக்க கால நூல்களுள் ஒன்று பாவசங்கீர்த்தனம் பற்றியது. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தையும், 1579இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கத்தையும் அச்சிட்டதை அடுத்து, 1580இல் ‘கொம்பெசியோனாயரு’ என்னும் ஒப்புரவுக் கையேட்டைக் கொச்சியில் வெளியிட்டார். குருவுக்குத் தமிழ் தெரியாத காலத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இடையில் வைத்தே பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருந்தது. தனிமையும் இரகசியமும் உரிய முறையில் அமைந்தது குரு தமிழ் கற்ற பின்னரே. அதே தனிமையில்தான் குருவுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்கும் இடையிலான அதிகார ஏற்றத்தாழ்வும் முழு வடிவம் பெற்றது.

அத்தனிமையின் ஆபத்தைத் திருச்சபை அறியாமலில்லை. மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ 1577இல் வெளியிட்ட ஆலயக் கட்டட விதிகள், குருவுக்கும் பெண்களுக்கும் நடுவே துளையிட்ட தடுப்புடைய சட்டகத்தை வலியுறுத்தின. பழைய ஆலயங்களில் இன்றும் காணப்படும் பாவசங்கீர்த்தனத் தொட்டி பக்திப் பொருளாகவே பார்க்கப்படுகிறது. அதன் மரத்தடுப்பு உண்மையில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. திருச்சபை வரலாற்றில் சட்டத்திற்கு முன் தச்சர் செய்து கொடுத்த பாதுகாப்பு அது எனலாம்.

பாவசங்கீர்த்தனத்தைப் பயன்படுத்திப் பாலியல் இச்சைக்கு அழைத்தல் குறித்து 1622இலும், பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் 1741இலும் திருத்தந்தையர் ஆணைகள் வெளியாயின. ஐபீரிய ஆட்சிப் பகுதிகளில் இக்குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் விசாரணை மன்றங்களிடம் இருந்தது. 1560இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை இயங்கிய கோவா விசாரணை மன்றத்தின் கை சோழமண்டலக் கரை வரை நீண்டதற்கு, 1649இல் சாந்தோமில் பிடிக்கப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சென்னைக் கப்புச்சின் துறவி எப்ரேம் தெ நெவேரின் கதை சான்று. எனினும் அவர் பிடிக்கப்பட்டது ஒழுக்கக்கேட்டிற்காக அன்று. கோட்பாட்டுப் பிழையும் ஆளுகைப் போட்டியுமே காரணங்கள். இம்மன்றம் எதனை அவசரமாகக் கருதியது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

1741ஆம் ஆண்டு ஆணையில் இரு கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, அழைப்புக்கு உள்ளானவர் குருவைப் பற்றி முறையிடக் கடமைப்பட்டவர். இரண்டாவது, குற்றமற்ற குருவின்மேல் பொய்யாக முறையிடுபவருக்குப் பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரம் திருத்தந்தைக்கே ஒதுக்கப்பட்டது. எழுத்தறியாத படகோட்டிக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு இவ்விரு விதிகளும் எப்படி ஒலித்திருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. முறையிடாமை பாவம், முறையிட்டு மெய்ப்பிக்க இயலாமற்போவது அதனினும் பெரிய பாவமாக முடியக்கூடும். இவ்விதிகளால் காக்கப்பட்டது அருளடையாளத்தின் தூய்மை. பெண்ணுக்கு நேர்ந்த தீங்கு சட்டத்தின் மையத்தில் இல்லை.

இந்நோக்கு இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 2359ஆம் விதி, பதினாறு வயதுக்கு உட்பட்டவருடன் ஆறாம் கட்டளைக்கு எதிராகக் குரு செய்யும் பாவத்தைத் தண்டனைக்குரியதாக்கியது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1395ஆம் விதியும் அதே வாய்பாட்டைப் பின்பற்றியது. அது இடம்பெற்ற தலைப்பு ‘சிறப்புக் கடமைகளுக்கு எதிரான குற்றங்கள்’ என்பதாகும். அதாவது, குரு தம் கற்பு வாக்குறுதியை மீறினார் என்பதே குற்றத்தின் உட்பொருள். ‘சிறாருடன்’ என்னும் உடனிகழ்ச்சிப் பொருள் சிறாரையும் அப்பாவத்தில் பங்காளியாக்கிவிடுகிறது. இலக்கண நுட்பம்போல் தோன்றும் இது விசாரணைகளின் போக்கையே தீர்மானித்தது. 2021 டிசம்பர் 8இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான் இக்குற்றம் 1398ஆம் விதியாக ‘மனித உயிர், மாண்பு, சுதந்திரம் ஆகியவற்றிற்கு எதிரான குற்றங்கள்’ என்னும் தலைப்பின்கீழ் இடம்பெயர்ந்தது. அறிவுப்பயன்பாடு குறைந்த வயதுவந்தோரும் இவ்விதியில் சேர்க்கப்பட்டனர்.

இல்லங்களும் அரசும்

மறுபக்கம், திருச்சபை தன்னைக் காப்பாளராகக் கருதியதற்கும் வரலாற்று நியாயம் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707இல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சென்னையில் 1787இல் பெண்களுக்கும் 1789இல் ஆண்களுக்கும் அனாதைச் சாலைகள் ஏற்பட்டன. 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம் பல மிஷன்களின் கைகளில் பெற்றோரற்ற பிள்ளைகளைச் சேர்த்தது. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1901 முதல் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட அல்லது விடப்படவிருந்த சிறுமியரை அடைக்கலம் கொண்டார். இவ்வரலாறுகள் அனைத்திலும் ஆபத்து மதிலுக்கு வெளியே உள்ளது. மதிலுக்குள் இருப்பது பாதுகாப்பு. இப்படிமம் முற்றிலும் பொய்யன்று. ஆயின் மதிலுக்குள் ஆபத்து எழும்போது அதனைப் பெயரிட்டுச் சொல்லும் மொழியை இப்படிமம் தரவில்லை. சோறும் துணியும் படிப்பும் தந்தவர்மீது குறைகூறுதல் நன்றிக்கேடாகவே கொள்ளப்பட்டது. ‘போர்டிங்’ பிள்ளைகளின் நினைவுகளில் பசியும் பிரம்படியும் பேசப்படுமளவு பிறவற்றைப் பேச இடமிருந்ததில்லை.

அரசும் இதில் விரைந்து செயற்படவில்லை. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் இசைவு வயதைப் பத்தாக வைத்தது. 1891இல் அது பன்னிரண்டாயிற்று. சிறுவர்கள்மீதான வன்முறைக்கு 377ஆம் பிரிவைத் தவிர வேறு தனிப்பிரிவு 2012 வரை இல்லை. 1920ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்திய மாகாணங்களில் இத்துறையில் முதலாவதாக அமைந்தது. ஆனால் அது தெருவில் திரியும் பிள்ளையையும் குற்றம் புரிந்த பிள்ளையையும் கண்ட அளவிற்கு மிஷன் விடுதிப் பிள்ளையைக் காணவில்லை. அனாதை இல்லங்களைக் கண்காணிக்க 1960இல் மத்தியச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டுத் திருத்தமே குழந்தைகளை வைத்திருக்கும் எல்லா இல்லங்களும் பதிவு பெற வேண்டும் என்று தெளிவாக விதித்தது.

இடையில் 2004 டிசம்பர் 26 வந்தது. எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு மீனவக் குப்பங்களும் அன்று கடலின் சீற்றத்தைக் கண்டன. 1877இல் பஞ்சப் பிள்ளைகள் மிஷன் இல்லங்களுக்குச் சென்றது போலன்றி, இம்முறை தமிழ்நாடு அரசு தத்தெடுப்பைத் தடுத்து, நாகப்பட்டினம், கடலூர் முதலிய இடங்களில் தானே இல்லங்களைத் திறந்தது. பேரிடரில் பெற்றோரை இழந்த குழந்தையின் பொறுப்பு யாருடையது என்னும் வினாவிற்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் விடை மாறிவிட்டதை இது காட்டுகிறது. மாமல்லபுரப் பகுதி இல்லங்களில் நிகழ்ந்த அத்துமீறல்கள் பற்றிய செய்தியை அடிப்படையாகக் கொண்டு 2007இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய பொதுநல வழக்கில், 2017 மே 5 அன்று வந்த தீர்ப்பு, அவ்வாண்டின் இறுதிக்குள் நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் பதிவாக வேண்டும் எனக் கட்டளையிட்டது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாட்டு அனாதை இல்லங்கள் இடம்பெற்றுள்ளன.

உதகை மறைமாவட்ட வழக்கு

இரு சட்டநோக்குகளும் நேருக்குநேர் மோதியதைக் காட்டும் தமிழக நிகழ்வு ஜோசப் பழனிவேல் ஜெயபாலின் வழக்கு. உதகை மறைமாவட்டக் குருவான இவர் 2004இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக் குரூக்ஸ்டன் மறைமாவட்டத்திற்குச் சென்று, கிரீன்புஷ் என்னும் சிற்றூர்ப் பங்கில் பணியாற்றினார். குருக்கள் குறைந்துவரும் மேலைநாட்டு மறைமாவட்டங்களுக்குத் தமிழகமும் கேரளமும் குருக்களை அனுப்பும் காலம் அது. 2005இல் அவர் தாயகம் திரும்பியிருந்தபோது பதின்வயதுச் சிறுமி ஒருவர் தொடர்பான முறையீடு எழுந்தது. திரும்பி வர வேண்டாம் என ஆயர் விக்டர் பால்கே அறிவித்தார். பின்னர் மற்றொரு சிறுமியும் முறையிட்டார்.

பால்கே இதனை வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்திற்கு எழுதினார். 2006 மே மாதத்தில் பேராயத்தின் செயலர் ஆஞ்சலோ அமாத்தோ அனுப்பிய பதில், அக்குரு சிறாருக்கு ஆபத்தாகாதவாறு அவரது வாழ்வைக் கண்காணிக்குமாறு உதகை ஆயரிடம் கேட்கப்படும் என்றது. ஆயர் அருளப்பன் அமல்ராஜ் திருச்சபைச் சட்டப்படி விசாரணை நடத்தி, ஓராண்டு மடத்தில் தங்கியிருக்குமாறு விதித்தார். அதன்பின் குரு ஆயரகத்தில் பணியமர்த்தப்பட்டார். அங்கு அவர் கவனித்தவை மறைமாவட்டப் பள்ளிகளின் ஆசிரியர் நியமனம் தொடர்பான அலுவல்கள் என்று 2010இல் வெளியான செய்திகளால் தெரியவந்தது.

இதனைத் திட்டமிட்ட மூடிமறைப்பு என்று மட்டும் விளக்குதல் எளிது, ஆனால் போதாது. பழைய நோக்கின் உள்ளிருந்து பார்த்தால் இந்நடவடிக்கை தருக்கத்திற்கு ஒத்ததே. குரு கற்புக் கடமையை மீறினார். மடத்தில் செபமும் தவமும் செய்தார். சிறாரோடு நேரடித் தொடர்பில்லாத மேசைப் பணியில் வைக்கப்பட்டார். ஒருவரது பாவமும் மனமாற்றமும் மட்டும் கணக்கில் இருக்கும் இடத்தில் இது கண்டிப்பான தீர்வாகவே தோன்றும். அக்கணக்கில் விடுபட்டவர்கள் சிறுமியர் இருவர். யாருக்கும் சொல்லப்படாமல், யார் பொறுப்பில் தங்கள் பிள்ளைகளை விட்டிருக்கிறோம் என்பதை அறியாத நீலகிரிப் பெற்றோரும் விடுபட்டனர்.

அரசின் கணக்கு வேறுவிதமாக நகர்ந்தது. பன்னாட்டுக் காவல் அமைப்பின் அறிவிப்பின்பேரில் 2012 மார்ச்சில் அவர் ஈரோட்டில் கைது செய்யப்பட்டார். 2014 நவம்பரில் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2015இல் சிறுமி ஒருவர் தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டார். உடன்பாட்டின்படி மற்றொரு சிறுமி தொடர்பான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏற்கெனவே காவலில் இருந்த காலம் கழிக்கப்பட்டு இந்தியா திரும்பினார். 2016 ஜனவரியில், வத்திக்கான் பேராயத்தைக் கலந்து, ஆயர் அமல்ராஜ் அவர்மீதான பணிநீக்கத்தை விலக்கினார். அமெரிக்காவில் பாதிக்கப்பட்டோர் அமைப்பினர் கடுமையாக எதிர்த்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் புதிய வழக்கும் தொடுக்கப்பட்டது.

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னரும் பணிநீக்கம் விலக்கப்பட்டதே இவ்வழக்கின் தனித்தன்மை. தண்டனை முடிந்தது, ஆகவே கடனும் தீர்ந்தது என்னும் எண்ணம் அங்குள்ளது. பாதுகாப்பு என்பது தண்டனையின் பகுதி அன்று. தண்டனை முடிந்த பின்னும் பிறர்பொருட்டுத் தொடர வேண்டிய ஏற்பாடு. இவ்வேறுபாடு உதகையில் உணரப்படவில்லை. இந்நிகழ்வு ஆங்கில நாளேடுகளில் பெற்ற கவனத்தில் சிறுபகுதியையும் தமிழ்க் கிறிஸ்தவ ஆய்வுலகில் பெறவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

2012க்குப் பின்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் என்னும் போக்சோ 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தது. பாலின வேறுபாடின்றிப் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட அனைவரையும் அது குழந்தையாகக் கொள்கிறது. சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் அத்துமீறினால் குற்றம் கடுமையானதாகிறது. 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். 21ஆம் பிரிவு தெரிவிக்கத் தவறுபவருக்கு ஆறு மாதமும், நிறுவனப் பொறுப்பாளர் தவறினால் ஓராண்டும் வரை சிறைத்தண்டனை வைக்கிறது. ஆயருக்கு முறையிட்டதோடு கடமை முடிந்தது என்று இனிப் பங்குப் பேரவை உறுப்பினரோ, மறைக்கல்வி ஆசிரியரோ, உபதேசியாரோ கொள்ள இயலாது.

பாவசங்கீர்த்தனத்தில் அறிந்தது இக்கடமைக்குள் வருமா என்பது தீராத சிக்கல். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் கணவன் மனைவி உரையாடலுக்கும் வழக்கறிஞரிடம் சொன்னதற்கும் காப்பளித்தது. குருவிடம் சொன்னதற்கு அளிக்கவில்லை. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அளிக்கவில்லை. திருச்சபைச் சட்டமோ அம்முத்திரையை மீறும் குருவைத் திருச்சபையிலிருந்தே விலக்குகிறது. கேரளத்தில் குருக்கள் பாவசங்கீர்த்தனத்தைக் கொண்டு பெண்ணொருவரை மிரட்டியதாக எழுந்த வழக்கை அடுத்து, 2018 ஜூலையில் தேசிய மகளிர் ஆணையத் தலைவர் பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்கப் பரிந்துரைத்தார். இப்பரிந்துரை சிக்கலைத் தீர்ப்பதற்குப் பதிலாகத் திசைதிருப்பியது. விவாதம் உடனே சிறுபான்மையினர் உரிமை பற்றியதாகி, பெண்ணின் முறையீடு பின்னுக்குச் சென்றது.

கண்ணூர் மாவட்டம் கொட்டியூர் வழக்கு இன்னும் கூர்மையானது. பங்குக் குருவால் சிறுமி தாயானபோது, பழியைச் சிறுமியின் தந்தையே முதலில் தம்மேல் ஏற்றுக்கொண்டார். 2019 பிப்ரவரியில் தலச்சேரி நீதிமன்றம் குருவுக்கு இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை அளித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட அறுவர் விடுவிக்கப்பட்டனர். மகளைவிடக் குருவின் பெயரைக் காக்கத் தகப்பனை முனையச் செய்த சமூக அழுத்தம் எத்தகையது என்பது சட்டப் புத்தகங்களுக்கு எட்டாத செய்தி.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி’ ஆணை, நலிந்தோர் என்பதற்கு நோய், உடல் அல்லது மனக் குறைபாடு, சுதந்திர இழப்பு ஆகியவற்றால் எதிர்க்க இயலாதவர் என்று பொருள்வரையறை தந்து, அரசுச் சட்டக் கடமைகளுக்கு ஊறின்றி முறையிட வேண்டும் என்றது. அவ்வாண்டு டிசம்பரில் இத்தகைய வழக்குகளுக்கான திருத்தந்தைசார் இரகசியக் காப்பு நீக்கப்பட்டது. இந்திய ஆயர் பேரவை பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த வழிகாட்டு நெறிகளை 2017இல் வெளியிட்டிருந்தது. ஆயர்களும் துறவியரும் ஒரே நிறுவனத்தின் மேல்கீழ் அடுக்குகளாக இருக்கும்போது இவை எவ்வளவு பயன்படும் என்பது ஐயத்திற்குரியது. 2018இல் கேரள அருட்சகோதரி ஒருவர் ஆயர்மீது தொடுத்த வழக்கில் 2022 ஜனவரியில் ஆயர் விடுவிக்கப்பட்டார். தீர்ப்பு எதுவாயினும், முறையீடு காவல்துறைக்குச் செல்லுமுன் திருச்சபை அதிகாரிகளின் வாயில்களில் காத்திருந்த காலம் அவ்வழக்கில் பதிவாகியுள்ளது.

ராயபுரத்தில் கேட்க வேண்டியவை

ராயபுரம் இவ்வரலாற்றிற்குத் தரும் தனித்த வாய்ப்பு, ஆலயத்தின்மீது இறைமக்கள் கொண்டிருந்த உரிமையுணர்வு. ஆலயத்தைத் தாமே கட்டியவர்கள் அதன் நிர்வாகத்திலும் தமக்குப் பங்குண்டு என்று கருதினர். நகரத்தில் 1606இல் தோன்றிய மயிலை மறைமாவட்டத்தின் போர்த்துக்கீசிய ஆளுகையும், கப்புச்சின் மிஷனிலிருந்து வளர்ந்த சென்னை மறைமாவட்டத்தின் ஆளுகையும் 1952இல் இணைக்கப்படும் வரை அருகருகே நிலவின. இரு ஆயர்கள் இருந்த நகரில், ஒரு குருவைப் பற்றி மனக்குறை கொண்ட சமூகம் மற்ற ஆளுகையை நாடவோ, நீதிமன்றம் செல்லவோ தயங்காத மரபு உருவாக இடமிருந்தது. கரைக்கிறிஸ்தவர்களை ‘சச்சரவு மிக்கவர்கள்’ என்று குறிக்கும் மிஷன் எழுத்தாளர்களின் வழக்கத்தை இவ்வொளியில் மறுவாசிப்புச் செய்யலாம். சச்சரவு என்று பதிவானவற்றுள் எத்தனை முறையீடுகள் அடங்கியுள்ளன என்பது பங்குக் குறிப்பேடுகளையும் நீதிமன்ற ஆவணங்களையும் ஒப்பிட்டே அறியத்தக்கது. ஆனால் அவ்வுரிமைப் போராட்டங்கள் சொத்து, முதன்மரியாதை, திருவிழா ஆகியவற்றைச் சுற்றியே நடந்தன. குழந்தைகளின் பாதுகாப்பு அவ்வுரிமையின் பகுதியாகக் கருதப்பட்டதில்லை.

இப்பகுதியின் வாழ்க்கை முறையும் கருதத்தக்கது. விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற்கு ஏலத்திற்குச் செல்லும் தாய், கடலுக்குச் சென்ற தந்தை என்னும் குடும்பங்களில், மாலை வகுப்பும் பாடற்குழுவும் பீடச்சிறார் குழுவும் நடக்கும் ஆலய வளாகம் பிள்ளைகளுக்கு இரண்டாம் வீடாகிறது. சென்னைப் பள்ளி மாணவர் 2,211 பேரிடம் துளிர் அமைப்பு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், 42 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகக் கூறினர். சிறுமியரைவிடச் சிறுவரிடையே அவ்வீதம் கூடுதலாயிருந்தது. இவை ஆலயம் சார்ந்த எண்ணிக்கைகள் அல்ல. ஆயினும் பீடச்சிறுவர்களாகப் பெரிதும் சிறுவர்களையே கொண்ட ஒரு மரபில், ‘பையன்தானே’ என்னும் கவலையின்மைக்கு இடமில்லை என்பதை அவை உணர்த்துகின்றன. மறுபுறம், 1098 உதவி எண்ணின் சென்னைக் கூட்டாளிகளுள் ஒன்றாகச் செயற்பட்டதும் சலேசியத் துறவியரின் டான் பாஸ்கோ அன்பு இல்லமே. காப்பவரும் ஐயத்திற்குரியவரும் ஒரே நிறுவனக் குடும்பத்திற்குள் இருப்பது இவ்வாய்வுப் பொருளின் இயல்பு.

மேற்கண்டவை அனைத்தும் ஆயரும் ஆவணமும் உள்ள சபைகளைப் பற்றியன. தண்டையார்ப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை மாடி அறைகளிலும் ஓடு வேய்ந்த கூடங்களிலும் இயங்கும் தனித்த பெந்தகோஸ்தே சபைகள் வேறு நிலையில் உள்ளன. அங்கு போதகரே நிறுவனர். பேராயம் இல்லை, திருச்சபைச் சட்டத் தொகுப்பு இல்லை, பெரும்பாலும் மேல்முறையீட்டு அமைப்பும் இல்லை. நோய்க்காகவும் மனநலக் குறைவிற்காகவும் இரவு முழுதும் ஜெபத்திற்கு அழைத்து வரப்படுவோர் அச்சபைகளின் பொறுப்பில் விடப்படுகின்றனர். அவர்களுள் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்க்குப் போக்சோவின் கட்டாய முறையீட்டு விதி காப்பாக உள்ளது. வயது கடந்த நலிந்தோர்க்கு அதற்கு இணையான விதி எதுவும் இந்தியச் சட்டத்தில் இதுவரை இல்லை.